கசாபிளாங்கா 4கே டிஸ்க்: ஹீரோவுக்காக இல்ல, பின்னாடி நிக்கறவங்களுக்காக வாங்குங்க

மொதல்லயே சொல்லிடறேன், பழைய ஹாலிவுட் படம் பாக்கற பழக்கம் இருக்கறவங்க தாராளமா வாங்கலாம். படம் வந்து 80 வருஷம் ஆனதுக்காக வார்னர் பிரதர்ஸ் 2022 நவம்பர்ல போட்ட 4கே பதிப்பு இது. போர் நேரத்துல மொராக்கோவோட கசாபிளாங்கா ஊர்ல, நாஜிகள்கிட்ட இருந்து தப்பி அமெரிக்கா போக விசாவுக்கு காத்துக் கெடக்கற அகதிகளும், அங்க ரிக்ங்கறவர் நடத்தற கஃபேயும்தான் கதை. அந்த ரிக்கா வர்ற ஹம்ப்ரி போகார்ட், ஹீரோயின் இங்ரிட் பெர்க்மன் காதல பத்தி ஊரே எழுதி முடிச்சாச்சு, அதுல நான் புதுசா சேக்க ஒண்ணுமில்ல. எனக்கு கசாபிளாங்கான்னா அந்த ரெண்டு பேர சுத்தி நிக்கற கூட்டம்தான். போலீஸ் கேப்டன், ஹெட் வெயிட்டர், பார்ல ஊத்திக் குடுக்கறவர், சூதாட்ட மேசைல சக்கரம் சுத்தறவர், பிக்பாக்கெட், வைரத்த விக்க வந்த அம்மான்னு ஒவ்வொருத்தரும் ரெண்டு நிமிஷம் வந்தாலும் ஒரு முழு வாழ்க்கைய கூடவே கூட்டிட்டு வந்து நிக்கறாங்க. அதனால இந்த ரிவ்யூ முழுக்க குணச்சித்திர நடிகர்கள பத்திதான், டிஸ்க் அவங்கள எப்படி காட்டுது, எக்ஸ்ட்ராஸ்ல, அதாவது டிஸ்க்ல படத்தோட கூட வர்ற போனஸ் சமாச்சாரத்துல, அவங்களுக்கு என்ன இருக்கு, காசு போடலாமா வேணாமா.

பிக்சர் குவாலிட்டில இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா இந்தப் படத்துல சின்ன நடிகர்கள் பெரும்பாலும் இருட்டுலதான் இருப்பாங்க. 1942 மே கடைசில ஆரம்பிச்சு ஆகஸ்ட் மொத வாரம் வரைக்கும் பெரும்பாலும் பர்பேங்க் ஸ்டூடியோக்குள்ளயே எடுத்த படம், மொராக்கோ பக்கம் யூனிட் போகவே இல்ல. கேமரா ஆர்தர் எடசன். ரிக்ஸ் கஃபே செட்ட அவரு லைட் பண்ணிருக்கறத பாருங்க, விளக்கு வெளிச்சம் மேசை மேல விழும், செவுத்துல நிழல் வரிவரியா ஓடும், அந்த நிழலுக்குள்ள முப்பது நாப்பது பேர் ஒக்காந்து பேசிட்டு இருப்பாங்க. பழைய டிவிடில அவங்க எல்லாரும் ஒரே கருப்புத் திட்டு. இந்த 4கேல வெளிச்சம், இருட்டு வித்தியாசத்த நுணுக்கமா காட்டற ஹெச்டிஆர் இருக்கறதால கருப்புக்குள்ளயே பத்து விதமான கருப்பு தெரியுது, மூலைல ஒக்காந்திருக்கறவர் கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னுகூட தெரியுது. ஃபிலிம் கிரெயின, அதாவது ஃபிலிம்ல இயல்பா இருக்கற பொடிப் புள்ளிகள, துடைச்சு எடுத்து மெழுகு பொம்மை மாதிரி ஆக்கல, அதுக்கே ஒரு கும்பிடு.

சில பேர் பெர்க்மன் க்ளோசப் மட்டும் மங்கலா இருக்கே, ரெஸ்டோரேஷன் சரியில்லையான்னு கேக்கறாங்க. அது அப்ப வேணும்னே பண்ணது, ஹீரோயின் முகத்துக்கு லென்ஸ் முன்னாடி மெல்லிசா வலைத்துணி போட்டு எடுப்பாங்க. கேப்டனா வர்ற கிளாட் ரெயின்ஸுக்கும் திருட்டு விசா விக்கறவனா வர்ற பீட்டர் லோரிக்கும் அந்தச் சலுகை எல்லாம் கிடையாது, முகம் அப்படியே சுருக்கம், வேர்வையோட வரும், அதனால 4கேல ஜாஸ்தி லாபம் யாருக்குன்னா இவங்களுக்குத்தான்னு நான் சொல்வேன். படம் பழைய சதுர வடிவத்துல ரெண்டு பக்கமும் கருப்பு பட்டையோட வரும், தயவு செஞ்சு டிவில ஜூம் போட்டு நிரப்பிடாதீங்க, தலையும் கையும் வெட்டுப்படும். இந்த நடிகர்களுக்கு கைதான் பாதி நடிப்பு.

சவுண்ட் மோனோதான். எனக்கு அதுவே போதும், பின்னாடி இரைச்சல் இல்லாம குரல் சுத்தமா முன்னாடி வந்து நிக்குது. இந்தப் படத்துக்கு குரல் ரொம்ப முக்கியம், காரணம் என்னன்னா டைட்டில்ல பேர் வர்ற நடிகர்கள் மொத்தம் 14 பேர், அதுல அமெரிக்காவுல பொறந்தவங்க மூணே பேரு: போகார்ட், பியானோ வாசிக்கற சாமா வர்ற டூலி வில்சன், பல்கேரியப் பொண்ணா வர்ற ஜாய் பேஜ். மத்தவங்க எல்லாம் இங்கிலாந்து, ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜெர்மனி, ஹங்கேரி, ரஷ்யா, பிரான்ஸ்னு எங்கெங்கயோ இருந்து வந்தவங்க. ஒவ்வொருத்தர் வாய்லயும் இங்கிலீஷ் ஒவ்வொரு விதமா உருளும். சப்டைட்டில் மொத தடவை போட்டுக்கோங்க, ரெண்டாவது தடவை கண்டிப்பா எடுத்துடுங்க, கண்ணு கீழயே இருந்தா மேல நடக்கறது போயிடும். தமிழ் சப்டைட்டில் இல்ல, அது ஒரு வருத்தம்.

சரி, ஆளுங்களுக்கு வரலாம்.

கிளாட் ரெயின்ஸ். கேப்டன் ரெனோ. படத்தோட உண்மையான எஞ்சின் இவருதான்னு நான் நம்பறேன். 1889ல லண்டன்ல ஏழைக் குடும்பத்துல பொறந்து, சின்ன வயசுல பேச்சு திக்கி, கொச்சையான காக்னி உச்சரிப்போட இருந்தவர், அவர பெரிய நாடகக்காரர் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ தன் காசுல பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பி வச்சாரு. மொத உலகப் போர்ல விஷ வாயு பட்டு ஒரு கண்ணுல பார்வை ஏறக்குறைய போயிடுச்சு. அப்புறம் நாடகப் பள்ளில வாத்தியாரா இருந்தப்ப பின்னாடி பெரிய நடிகரான ஜான் கீல்குட் மாதிரி ஆளுங்க இவர்கிட்ட படிச்சிருக்காங்க. 1933ல ஹாலிவுட்ல மொத படமே தி இன்விசிபிள் மேன், அதுல படம் பூரா கட்டு சுத்திட்டு வெறும் குரல வச்சே மிரட்டுவாரு, முகம் கடைசில கொஞ்ச நேரம்தான் தெரியும். அந்தக் குரல் பயிற்சி எல்லாம் ரெனோவுல வந்து சேந்திருக்கு.

கஃபேய இழுத்து மூடச் சொல்ற சீன எடுத்துக்கோங்க. ஜெர்மன் மேஜர் மூடுன்னு சொல்லிட்டாரு, ரெனோவுக்கு ஒரு காரணம் வேணும், இங்க சூதாட்டம் நடக்குதான்னு அதிர்ச்சியாகி சத்தம் போடறாரு, அதே நொடி சூதாட்ட மேசைக்காரர் வந்து இவரு ஜெயிச்ச பணத்த கைல குடுக்கறாரு. இது எல்லாருக்கும் தெரிஞ்ச சீன்தான், ஆனா ரெயின்ஸ் அத எப்படி பண்றாருன்னு பாருங்க. பணத்த வாங்கறப்ப குரல் தாழ்ந்து ரொம்ப மரியாதையா ஒரு நன்றி, முகத்துல துளி வெக்கம் இல்ல, கள்ளச் சிரிப்பு இல்ல, ஆடியன்ஸ் பக்கம் ஒரு பார்வை கூட கிடையாது. அடுத்த மூச்சுல மறுபடியும் அதிகாரி குரல், எல்லாரும் வெளிய போங்க. இது காமெடின்னு அவரு ஒரு இடத்துலயும் நமக்கு சிக்னல் குடுக்கறதில்ல. ரெனோவ பொறுத்தவரைக்கும் இது ஆபீஸ் வேலை, லஞ்சம் வாங்கறதும் ஆபீஸ் வேலை. அதனாலதான் கடைசில அந்த ஆள் ஒரு முடிவு எடுக்கறப்ப நமக்கு ஜிவ்வுன்னு இருக்கு. கடைசி சீன நான் சொல்ல மாட்டேன், அவரு கைல இருக்கற தண்ணி பாட்டில மட்டும் கவனிங்க.

இவருக்கு துணை நடிகர் ஆஸ்கர் நாமினேஷன் நாலு தடவை வந்துச்சு, ஒண்ணு கூட கெடைக்கல. கசாபிளாங்காவுக்கு சிறந்த படம், டைரக்டர், திரைக்கதைன்னு மூணு ஆஸ்கர் வந்துச்சு, ரெயின்ஸ் நாமினேஷனோட நின்னுட்டாரு, அந்த வருஷம் சார்ல்ஸ் கோபர்ன் வாங்கிட்டாரு. எனக்கு இன்னும் ஆறல.

அடுத்து எஸ்.இசட். சகால். ஹெட் வெயிட்டர் கார்ல். உருண்டை முகம், தொங்கற கன்னம், கை ரெண்டும் எப்பவும் எதையாவது தேடிட்டே இருக்கும். 1883ல புடாபெஸ்ட்ல பொறந்து மேடைலயும் ஜெர்மன் சினிமாலயும் பெரிய பேரு எடுத்தவரு. இந்த ரோல மொதல்ல வேணாம்னு சொல்லிட்டாரு, அப்புறம் நாலு வார வேலைன்னா வரேன்னு பேரம் பேசி மூணு வாரத்துக்கு ஒத்துக்கிட்டாரு, வாரத்துக்கு 1,750 டாலர். லோரி, கள்ளச் சந்தை முதலாளியா வர்ற சிட்னி கிரீன்ஸ்ட்ரீட் ரெண்டு பேர விட இவரு திரைல ஜாஸ்தி நேரம் இருக்காரு, ஆனா போஸ்டர்ல தேடணும். டைட்டில் கார்டுல எஸ்.கே. சகால்னு இனிஷியலயே தப்பா போட்டிருக்காங்க, 4கேல அதுவும் பளிச்சுன்னு தெரியுது.

இவரோட சீன்ல எனக்கு உயிர் அந்த வயசான தம்பதி ஒக்காந்திருக்கற மேசைதான். ஐரோப்பால இருந்து தப்பிச்சு அடுத்த நாள் அமெரிக்கா கிளம்பப் போறாங்க, கார்ல் நல்ல பிராந்தியா கொண்டு வந்து அவங்களோட ஒரு கிளாஸ் குடிக்கறாரு. இனிமே இங்கிலீஷ்லதான் பேசுவோம்னு முடிவு பண்ணி தம்பதி ரெண்டு பேரும் மணி என்னன்னு தப்பும் தவறுமா கேட்டு பதில் சொல்லிக்கறாங்க, அமெரிக்காவுல நீங்க நல்லா பொழச்சுக்குவீங்கன்னு கார்ல் சொல்றாரு. ஒரு நிமிஷம் தாண்டாத சீன். இதுல நடிச்ச மூணு பேரும் நிஜமாவே அப்படி வந்தவங்க. புருஷனா வர்ற லுட்விக் ஸ்டோசல் ஆஸ்திரியால இருந்து நாஜிகளுக்கு பயந்து வெளியேறினவரு, மனைவியா வர்ற இல்கா குரூனிங் பெர்லின்ல நடிப்புப் பள்ளி நடத்தின பெரிய டீச்சர், வயசான காலத்துல வேற பாஷைல முட்டி மோதி சின்னச் சின்ன ரோல் பண்ணாங்க. சகாலோட மூணு தங்கை அக்காமாரும் நாஜி முகாம்ல செத்துப் போனாங்க. இத தெரிஞ்சுக்கிட்டு திரும்பப் போட்டு பாருங்க. சகால் அந்தப் பதில சொல்றப்ப கிண்டலோட சாயலே இல்ல, கண்ணு முழுக்க அவங்க மேல பிரியம். டைரக்டர் மைக்கேல் கர்ட்டிஸும் ஹங்கேரிக்காரர்தான், இந்த மேசைய எங்க வைக்கணும், எவ்வளவு நேரம் வைக்கணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல.

பீட்டர் லோரி வர்றது ஆரம்பத்துல கொஞ்ச நேரம்தான், ஆனா படம் முடியற வரைக்கும் அவன் வாசனை அடிக்கும். உகார்ட்டேங்கற திருட்டு விசா வியாபாரி. பெர்லின்ல 'எம்'ங்கற பேர்ல வந்த படத்துல கொலைகாரனா நடிச்சு 1931ல உலகத்தையே அதிர வச்ச நடிகர், 1933ல ஜெர்மனிய விட்டு ஓடி, ஹிட்ச்காக்கோட 1934 படத்துக்கு இங்கிலீஷ் வசனத்த சத்தத்த மட்டும் மனப்பாடம் பண்ணி பேசினவரு. இங்க அவரு பண்றத ஒரு இடத்துல மட்டும் உத்துப் பாருங்க. ரிக்கிட்ட ஒக்காந்து, உனக்கு என் மேல வெறுப்புதானேன்னு கேக்கறான். உன்ன பத்தி யோசிச்சாத்தானே வெறுக்கறதுக்குங்கற மாதிரி பதில் வருது. வேற நடிகரா இருந்தா அங்க முகத்த சுருக்கிருப்பாங்க. லோரி முகத்துல ஒரு மாத்தமும் இல்ல, அந்த அவமானம் அவனுக்கு தினசரி பழக்கம், சிகரெட்ட புடிச்சுக்கிட்டு அடுத்த வேலைக்குப் போயிடறான். அப்புறம் போலீஸ் புடிக்க வர்றப்ப ரிக் சட்டைய புடிச்சுக்கிட்டு கெஞ்சுவான் பாருங்க, ஈரமா பளபளன்னு அந்தப் பெரிய கண்ணு, அப்பதான் நமக்கு உரைக்கும், இவன் உலகத்துல மதிச்ச ஒரே ஆள் ரிக்தான்னு.

சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்ட பத்தி தனியா ஒரு கட்டுரையே எழுதலாம். மேடை நாடகத்துலயே காலம் பூரா ஓட்டிட்டு, மொத தடவை சினிமா கேமரா முன்னாடி நின்னப்ப வயசு 61. அந்த மொத படம் தி மால்டீஸ் ஃபால்கன், அதுக்கே ஆஸ்கர் நாமினேஷன். அப்புறம் எட்டு வருஷம்தான் சினிமால இருந்தாரு, அதுக்குள்ள ஜனங்க மனசுல நெரந்தரமா ஒக்காந்துட்டாரு. இந்தப் படத்துல ஃபெராரின்னு கள்ளச் சந்தை முதலாளி. ரோல்ல பெருசா ஒண்ணும் இல்ல, உண்மையச் சொன்னா அவருக்கு இது கம்மி தீனி. ஆனா ப்ளூ பேரட் கஃபேல ஒக்காந்துக்கிட்டு ஹீரோயினுக்கும் அவங்க கணவருக்கும் ஒரு துப்பு குடுத்து அனுப்புவாரு, அவ்வளவு பெரிய உடம்ப வச்சுக்கிட்டு மரியாதையா தலைய சாய்ச்சு, அவங்க போனதும் ஈ அடிக்கற மட்டைய எடுத்து மேசை மேல ஒரு அடி. அந்த ஒரு அடில அந்த ஆளோட வியாபார புத்தி, கொடூரம், சலிப்பு எல்லாம் வந்துடுது. கொஞ்ச நேரம் முன்னாடி பண்ணது நல்ல காரியம், அதுக்காக நெகிழ்ந்து போயிட்டதா நெனச்சுக்காதீங்கன்னு நமக்கு சொல்ற மாதிரி.

கான்ராட் ஃபைட் கதைய கேட்டா மேஜர் ஸ்ட்ராசர பாக்கற பார்வையே மாறிடும். பெர்லின்காரரு, 1920ல வந்த டாக்டர் கலிகாரி மௌனப் படத்துல தூக்கத்துல நடக்கறவனா வந்து புகழ் வாங்கினவரு. மனைவி யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் 1933ல நாட்ட விட்டுக் கிளம்பிட்டாரு, பிரிட்டன் போர் நிதிக்கு தன் பணத்த அள்ளிக் குடுத்தாரு. அந்த மனுஷன் ஹாலிவுட் வந்தா குடுக்கறது நாஜி ஆபீஸர் ரோல். ஏத்துக்கிட்டாரு, அந்த ஆளுங்கள உலகம் வெறுக்கணும்னே ஏத்துக்கிட்டாரு. ஸ்ட்ராசர் கத்தறதே இல்ல, முதுகு வளையாம ஒக்காந்து பேர் பேரா கேள்வி கேக்கறாரு, சிரிக்கறப்பதான் ரொம்ப பயமா இருக்கு. 1943 ஜனவரில படம் பரவலா ரிலீஸ் ஆச்சு, அதே வருஷம் ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சலஸ்ல கால்ஃப் ஆடிட்டிருந்தப்ப மாரடைப்பு வந்து போயிட்டாரு, வயசு 50. இவரோட தி தீஃப் ஆஃப் பாக்தாத் நெறைய பேர் பாத்திருப்பீங்க, மைசூர் பக்கத்துப் பையன் சாபு நடிச்ச 1940 படம், அதுல மந்திரவாதி ஜாஃபர் இவருதான்.

இப்ப அந்த சூதாட்ட மேசைக்காரர். ரெனோ கைல பணம் குடுக்கறவரு, எமில்னு பேரு, டைட்டில்ல பேரே இல்ல. அவரு மார்செல் டாலியோ. 1937ல பிரெஞ்சு டைரக்டர் ரெனுவாரோட கிராண்ட் இல்யூஷன்ல முக்கிய ரோல், 1939ல அதே டைரக்டரோட தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்ல பெரிய பிரபு வேஷம், பிரான்ஸ்ல முன்னணி நடிகர். யூதர்ங்கறதால நாஜிகள் இவரு போட்டோவ போஸ்டர்ல போட்டு யூதன் இப்படித்தான் இருப்பான்னு ஒட்டினாங்க. 1940 ஜூன்ல ஜெர்மன் படை பாரிஸுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி இளம் மனைவி மேட்லின் லெபோவோட கிளம்பி லிஸ்பன் போய், சிலி நாட்டு விசா வாங்கி கப்பல் ஏறி, அந்த விசா போலின்னு மெக்சிகோல மாட்டிக்கிட்டு, கனடா வழியா ஒரு வழியா அமெரிக்கா வந்து சேந்தாங்க. திருட்டு விசாவுக்கும் லிஸ்பன் விமானத்துக்கும் தவம் கெடக்கற ஜனங்கள பத்தின படத்துல அந்த ரெண்டு பேரும் நடிக்கறாங்க. லெபோ பண்றது இவோன், ரிக் கழட்டி விட்ட பொண்ணு, அப்ப அவங்களுக்கு 19 வயசு. ஷூட்டிங் நடந்துட்டு இருக்கும்போதே டாலியோ டைவர்ஸுக்குப் போயிட்டாரு, அதுவும் நடந்துச்சு.

டாலியோவ ரூலெட் சீன்ல பாருங்க. ஊர விட்டுப் போக காசில்லாத பல்கேரியப் பையன் மேசைல ஒக்காந்திருக்கான், ரிக் வந்து 22ல வைன்னு சொல்லிட்டு எமில ஒரு பார்வை பாக்கறாரு. டாலியோ பதிலுக்கு ஒரு கணம் பாக்கறாரு, சக்கரத்த சுத்தறாரு, 22 விழுது. அப்படியே விட்டுடுன்னு ரிக் சொல்றாரு, மறுபடி 22. டாலியோ முகத்துல ஒரு சாமான்ய சூதாட்டக்காரனோட வெறும் முகம்தான், ஆனா கண்ணுல மட்டும் லேசா ஒரு ஒளி வந்து போகும். முதலாளி இன்னிக்கு என்னமோ நல்லது பண்றாருன்னு அவருக்கும் சந்தோஷம். அது முடிஞ்சதும் பார்க்காரர் சாஷா, அதாவது லியோனிட் கின்ஸ்கி, ஓடி வந்து ரிக் கன்னத்துல முத்தம் குடுப்பாரு. கார்லும் பக்கத்துலயே இருக்காரு, இந்த இடம் நியாயமான இடம்தானான்னு கேட்ட ஒரு கஸ்டமர்கிட்ட ரொம்ப நியாயமான இடம்ங்கன்னு சத்தியம் பண்ணாத குறை. அந்தப் பல்கேரியப் பையன் ஹெல்முட் டான்டைன், அவரும் வியன்னால நாஜிகள் முகாம்ல அடைச்சு வச்சிருந்து வெளிய வந்தவரு. ரிக் நல்லவர்னு நமக்குத் தெரியறது ரிக் முகத்துல இருந்து இல்ல, போகார்ட் முகத்த கல்லு மாதிரிதான் வச்சிருக்காரு, சுத்தி இருக்கற இந்த நாலஞ்சு பேர் மொகத்துல இருந்துதான் தெரியுது.

பிரெஞ்சு தேசிய கீதம் சீனும் அப்படித்தான். ஜெர்மன் ஆபீஸர்கள் பியானோவ சுத்தி நின்னு அவங்க பாட்ட பாடறாங்க, ஹீரோயினோட கணவர் லாஸ்லோ நேரா போய் பேண்டுகிட்ட பிரெஞ்சு கீதத்த வாசிக்கச் சொல்றாரு, பேண்டு ரிக்க பாக்குது, ரிக் தலைய லேசா ஆட்டறாரு. அதுக்கப்புறம் அந்த சீன் ஹீரோக்கள் கைல இல்ல. கிட்டார் வச்சிருக்கற கொரினா மூரா பாடறாங்க, பின்னாடி கூட்டம் எந்திரிக்குது, இவோன், அன்னிக்கு சாயங்காலம் ஒரு ஜெர்மன் ஆபீஸர் கைய புடிச்சுக்கிட்டு உள்ள வந்தவ, கண்ணுல தண்ணி வழிய பாடறா. 1942 கோடைல எடுத்தது, பாரிஸ் அப்ப ஜெர்மன் கைல, லெபோ பொறந்தது அந்த ஊர் பக்கத்துலதான். வாசல் காக்கற அப்துலா நடிச்ச டான் செமோர், அன்னிக்கு செட்டுல திரும்பிப் பாத்தா பாதி பேர் அழுதுட்டு இருந்தாங்கன்னு பின்னாடி சொல்லிருக்காரு. 4கேல அந்த க்ளோசப்ல லெபோ கன்னத்துல கண்ணீர் எந்தப் பாதைல எறங்குதுன்னு தெரியுது, தொண்டை துடிக்கறது தெரியுது. லெபோ 2016 வரைக்கும் இருந்தாங்க, டைட்டில்ல பேர் வந்தவங்கள்ல கடைசியா போனது அவங்கதான்.

இன்னும் ரெண்டு பேர், இவங்கள மிஸ் பண்ணவே கூடாது. படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல ஒருத்தர போலீஸ் நிறுத்தி பேப்பர் கேக்கும், பேப்பர் காலாவதி, ஓடுவாரு, சுட்டுடுவாங்க. அது வொல்ஃப்கேங் சில்சர். அவரு பொறந்தது அமெரிக்காவுல சின்சினாட்டில, அப்பா நாடகம் போடப் போயிருந்தப்ப. வளந்தது ஜெர்மனில, அமெரிக்க விசாவுக்கு அப்ளை பண்ணப் போனப்பதான் தனக்கு ஏற்கனவே அமெரிக்க குடியுரிமை இருக்குன்னே அவருக்குத் தெரிஞ்சுது. பேப்பர் இல்லாம செத்துப் போற ரோல அவருக்குக் குடுத்திருக்காங்க. அப்புறம் கஃபேல வைரத்த வச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சம் கூட்டித் தரக் கூடாதான்னு கேக்கற அம்மா, லோட்டே பால்ஃபி, அந்த ஒரு வரிதான் அவங்களுக்கு. நிஜத்துல இவங்க ரெண்டு பேரும் கணவன் மனைவியா ஆனவங்க. ஜாக்கிரதை, ஊரெல்லாம் கழுகுங்கன்னு டூரிஸ்ட்ட எச்சரிச்சுக்கிட்டே பர்ஸ அடிக்கற கர்ட் பாய்ஸ் இருக்காரே, பெர்லின்ல 1907ல குழந்தையா நடிக்க ஆரம்பிச்சு 1987ல விங்ஸ் ஆஃப் டிசையர் வரைக்கும் வந்தவரு, எண்பது வருஷ சினிமா.

டூலி வில்சன் விஷயத்துல எனக்கு ஒரு மனக்கஷ்டம் உண்டு. சாம் பாடறது அவரோட சொந்தக் குரல், அந்தக் குரல்தான் படத்தையே இன்னிக்கு வரைக்கும் தூக்கி நிறுத்துது. அவரு டிரம்ஸ் ஆர்ட்டிஸ்ட், பியானோ தெரியாது, கேமராவுக்கு வெளிய வேற ஒருத்தர் வாசிக்க அவர பாத்து கைய அசைச்சிருக்காரு. பாரமவுண்ட் கம்பெனி கான்ட்ராக்ட்ல இருந்து கடனா வந்தவரு, வாரம் 500 டாலர், சகாலோட சம்பளத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. 56 வயசு மனுஷன 'பையன்'னு ஹீரோயின் சொல்ற வசனம் ஒண்ணு இருக்கு, அந்தக் காலத்து அமெரிக்கா கறுப்பின கலைஞர்கள அப்படித்தான் வச்சிருந்துது, அந்த வசனம் வர்றப்ப எல்லாம் எனக்கு சுருக்குன்னு இருக்கும். அதையும் மீறி, பெர்க்மன் பழைய பாட்ட வாசிக்கச் சொல்லிக் கேக்கறப்ப ஞாபகமில்லன்னு பொய் சொல்வாரே, அந்த முகத்துல தன் ஃப்ரெண்டு மேல இருக்கற பாசம் அவ்வளவும் தெரியும். ரிக்கோட பழைய கதை முழுசா தெரிஞ்ச ஒரே ஆள் சாம்தான்னு வசனமே இல்லாம புரியுது.

இந்த மாதிரி நடிப்பு எப்படி வந்துச்சுன்னா, அப்ப ஸ்டூடியோ நடிகர்கள கான்ட்ராக்ட்ல வார சம்பளத்துக்கு வச்சிருக்கும், வருஷத்துக்கு அஞ்சாறு படம் கூட ஓடும், ஜனங்களுக்கு அந்த முகம் எல்லாம் பழக்கம். லோரி உள்ள வந்தாலே தியேட்டருக்கு இவன் ஏதோ திருட்டு வேலை பண்ணப் போறான்னு தெரியும், ரைட்டர் அறிமுகத்துக்கு பத்து வரி செலவு பண்ண வேண்டியதில்ல. மிச்சமான நேரத்துல இன்னும் ரெண்டு ஆளுங்கள உள்ள கொண்டு வந்துடலாம். 102 நிமிஷத்துல இவ்வளவு கூட்டம் எப்படி அடங்குச்சுங்கறதுக்கு அதுதான் காரணம்னு நெனக்கறேன்.

எக்ஸ்ட்ராஸ். படம் ஓடறப்ப கூடவே பேசற கமெண்டரி ரெண்டு, விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒண்ணு, சினிமா வரலாறு எழுதற ரூடி பெல்மர் ஒண்ணு. ஈபர்ட் படத்து மேல காதலோட பேசுவாரு, தயாரிப்புக் கதை வேணும்னா பெல்மர கேளுங்க. போகார்ட் பத்தி அவரு மனைவி லாரன் பக்கால் பேசற டாகுமெண்டரி, கர்ட்டிஸ் பத்தி ஒண்ணு, நல்லாவே இருக்கு. நம்ம ஆளுங்களுக்கு சுவாரஸ்யமானது ரெண்டு. ஒண்ணு, 1955ல இந்தக் கதைய டிவி சீரியலா எடுத்ததுல ஒரு எபிசோட். அதுல போலீஸ் கேப்டன் யாருன்னு பாருங்க, டாலியோ! படத்துல கேப்டனுக்கு பணம் எடுத்துக் குடுத்தவரு டிவில கேப்டனாவே வந்துட்டாரு. சீரியல் சுமார்தான், அவருக்காக பாக்கலாம். இன்னொண்ணு 1995ல வந்த கேரட்பிளாங்கா கார்ட்டூன், ட்வீட்டி குருவி லோரி குரல்ல பேசும், அம்பது வருஷம் கழிச்சும் அந்தக் குரல கேட்ட உடனே யாருன்னு தெரியுது.

குறை என்னன்னா, இத்தன அகதி நடிகர்கள் இருந்தும் அவங்களுக்குன்னு தனியா ஒரு டாகுமெண்டரி இந்த செட்டுல இல்ல. 80வது வருஷத்துக்கு புதுசா பண்ணிருக்க வேண்டியது அதுதான். எக்ஸ்ட்ராஸ்ல பெரும்பாலானது பழைய பதிப்புகள்ல இருந்து வந்தது, குவாலிட்டியும் பழசு. அதுக்கு மட்டும் மார்க் கொறச்சுக்கறேன்.

பழைய ப்ளூரே வச்சிருக்கறவங்க, சின்ன டிவின்னா அவசரப்பட வேணாம், ஆஃபர் வர்ற வரைக்கும் பொறுங்க. பெரிய ஸ்க்ரீன், ஹெச்டிஆர் ஒழுங்கா வேலை செய்யற டிவி இருந்தா இப்பவே மாத்திக்கலாம், வித்தியாசம் கூட்டம் இருக்கற சீன்லதான் ஜாஸ்தி தெரியும். 4கே டிஸ்க்குக்கு ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டு ப்ளேயர்ல ஓடாதுங்கற ரீஜன் பிரச்சனை கிடையாது, வெளிநாட்டுல இருந்து யாராவது வந்தா வாங்கிட்டு வரச் சொல்லலாம், ப்ளேயர் மட்டும் 4கே டிஸ்க் ஓடறதா இருக்கணும். இத பாத்து இந்த ஆளுங்கள புடிச்சுப் போச்சுன்னா அடுத்து தி மால்டீஸ் ஃபால்கன்ல லோரி, கிரீன்ஸ்ட்ரீட் ஜோடி, அப்புறம் அதே ரெண்டு பேரும் மெயினா வர்ற 1944 தி மாஸ்க் ஆஃப் டிமிட்ரியோஸ், மனசு லேசாகணும்னா கிரீன்ஸ்ட்ரீட்டும் சகாலும் சேந்து வர்ற 1945 கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட், அதுல சகால் சமையல்காரர், படத்த தூக்கிட்டுப் போயிடுவாரு.